பிடிக்காத வண்டி

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பெயர் மில்லிமீட்டர். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் அளவெடுத்து வருவது அவன் வேலை. சேர்ந்த முதல் வருஷம் ஓர் ஆளுயரக் கண்ணாடிக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக எழுதிக் கொடுத்துவிட்டான். நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். சட்டத்துக்குள் போகவில்லை. அதே நான்கு பேர் திரும்ப இறக்கினார்கள். இறக்கும்போது அவர்கள் பேசிய பேச்சு இன்னும் அவன் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை அளப்பான், முதலாளி பார்க்காதபோது மூன்றாவது தடவையும். அளந்து நோட்டில் எழுதிவிட்டானோ, அப்புறம் யார் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது.

இப்படிப்பட்டவன் வீட்டில்தான் ஒரு மழைநாள் சாயங்காலம் அவன் மனைவி கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தாள்.

"இனிமே இந்த வண்டியில குழந்தையை ஏத்தமாட்டேன். நாங்க பஸ்ல போய்க்கறோம்."

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். மூன்றாவது படிக்கும் மகளை வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். வீட்டிலிருந்து போகும் பாதையில் நீளமான இறக்கம் ஒன்று உண்டு. அது முடிகிற இடத்தில் சிக்னல், அதை ஒட்டிப் பஸ் நிறுத்தம். அன்று காலை சிவப்பு விழுந்ததும் பிரேக்கை மிதித்திருக்கிறாள். வண்டி அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போய், வெள்ளைக் கோட்டைத் தாண்டி, நடுச் சந்திப்பில் குறுக்கே திரும்பி நின்றது. எதிரே வந்த லாரிக்காரர் நிதானமான ஆள். அதனால்தான் அன்று சாயங்காலம் அவள் சாவியை எறியவாவது முடிந்தது.

"நாலு டயரையும் மாத்துங்க. இது நிக்கும்னு நீங்க உறுதியா சொன்னாத்தான் சாவியைத் தொடுவேன்."

அவன் என்ன செய்தான்? கடையில் கண்ணாடியின் தடிமனைப் பார்க்கும் அளவுகோலை எடுத்துக்கொண்டு கீழே போனான். மழையில் குனிந்து நாலு டயரின் பள்ளங்களையும் அளந்தான். இரண்டு தடவை. மேலே வந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னான்:

"அஞ்சு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் இருக்கு. புது டயர்லயே எட்டுதான் இருக்கும். தேயவே இல்லையே!"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அலாரத்தைக் காலை ஐந்தேகாலுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அவன் கணக்கில் விஷயமே வேறு. இவளுக்கு அந்த வண்டி முதலிலிருந்தே பிடிக்காது. பதினாலு மாதத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணனிடமிருந்து வந்த வண்டி, பாசி நிறம். அந்த நிறத்தில் வண்டி வாங்க அண்ணனால்தான் முடியும். வந்த முதல் மாதமே, "ஏங்க, இந்த வண்டி பிடிக்கவே இல்லைங்க" என்றாள். "ஓட்ட ஓட்டப் பிடிச்சுடும்" என்று அவன் தைரியம் சொன்னான். இரண்டு மாதம் கழித்து மறுபடி, "இல்லைங்க, இந்த வண்டி பிடிக்கலை." அந்த வாரமே நல்ல சிவப்பில் சீட் கவர் வாங்கிப் போட்டான். மூன்றாவது தடவை சொன்னபோது, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடும் வாசனை பாட்டில் ஒன்று வாங்கி மாட்டினான். நான்காவது தடவை அவள் சொல்லவில்லை. ஒருவழியாகப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவன் வேலைக்குப் போவது கடை வேனில். காரை எடுப்பது விடுமுறை நாளில், அதுவும் வெயில் நாளில், அதுவும் முப்பதுக்கு மேல் வேக முள் ஏறாமல்.

சரி, டயர் மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றுவதென்றால் ஒழுங்காக மாற்றவேண்டும். நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும், மழையில் நிற்கவும் வேண்டும். இரண்டே இரண்டு ஆசை. இதற்குள் என்ன பெரிய வில்லங்கம் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தான்.

முதலில் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் தனியாக இருந்தது. இதுதான் மாடல் நம்பர் என்று அவனே முடிவு கட்டி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டான். ஏழு கடைக்கு ஃபோன் போட்டான். "இந்த மாடல் இருக்கா?" ஒரு கடையில் எண்ணைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஸ்டாக் இல்லை என்று வைத்துவிட்டார்கள். இன்னொரு கடையில், "அது இப்ப வர்றதில்லை சார், அதைவிட நல்ல மாடல் இருக்கு, நேர்ல வாங்க" என்றார்கள். இந்தப் பதிலை நம்பி ஒரு மதியம் முழுக்க வீணானது.

நேரில் போன முதல் கடையில் டயரைத் தட்டிக் காட்டி, "கல்லு மாதிரி சார். பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றார்கள். மழையில் நிற்குமா என்று கேட்டதற்கு, "மெதுவா ஓட்டினா எல்லாம் நிக்கும் சார்" என்றார்கள். இரண்டாவது கடைக்காரர், "ரப்பர் மெத்துனு இருக்கும். பசை போட்ட மாதிரி ரோட்டைக் கவ்வும்" என்றார். எத்தனை நாள் வரும் என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உயிரைவிடவா சார் டயர்?" என்று ஒரே போடாகப் போட்டார். ஃபோனில் வீடியோ பார்த்தே டயர் நிபுணராகிவிட்ட மச்சான் வேறு, நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டான்.

"மாமா, டயர்ல போட்டிருக்கற தேய்மான நம்பர் பெருசா இருக்கணும், அப்பத்தான் நாள் உழைக்கும். ஈரப் பிடிப்புக்கு ஏ, பி, சின்னு தரம் இருக்கும், அதுல முதல் எழுத்து போட்டிருக்கணும். ரெண்டும் பாருங்க."

"ரெண்டும் சேர்ந்து எதுலடா இருக்கு?"

"அதைத்தான் மாமா நானும் தேடிட்டிருக்கேன்."

விளம்பரத்தில் மட்டும் எல்லா டயரும் நூறு வருஷம் உழைத்து, அரை அடியில் நின்றன. அவன் நோட்டில் பதினாறு டயருக்குக் கட்டம் போட்டான். இதில் நம்பர் நன்றாக இருந்தால் எழுத்து மட்டம், எழுத்து நன்றாக இருந்தால் நம்பர் மட்டம். கட்டம் பெருகியதே தவிர டயர் வரவில்லை. எரிச்சலில் பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்தான். ஏதாவது கேட்டால் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தான்.

இதற்கிடையில் மூன்று வாரம் ஓடிவிட்டது. தினம் ஆறு மணிக்கு அம்மாவும் மகளும் குடையோடு இறங்கிப் போவார்கள். இரண்டு பஸ் மாறவேண்டும். சாயங்காலம் மகளின் ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வைப்பது அவன் வேலையாகிவிட்டது. காலைக்குள் அது காயாது. ஈர ஷூவைப் போட்டுக்கொள்ளும்போது குழந்தை முகத்தைச் சுளிக்கும். அதைப் பார்க்கிறபோது அவனுக்குத் தன் மீதே கோபம் வரும். அந்தக் கோபத்தில் பதினேழாவது டயரைக் கட்டத்தில் சேர்ப்பான்.

"இன்னும் எத்தனை டயரை எழுதப்போறீங்க?" என்றாள் அவள்.

"தப்பா எடுத்துடக் கூடாதுல்ல."

"எடுக்காம இருக்கறது மட்டும் சரியா?"

அடுத்த நாள் மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்து, காரை உருட்டிக்கொண்டு மூன்றாவது கடைக்குப் போனான்.

அந்தக் கடையை நடத்துவது ஓர் அம்மாள். கையில் கரி, காதில் பென்சில். அவன் நோட்டைப் பிரித்து மாடல் நம்பரைக் காட்டினான். அவர் நோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சார், இது மாடல் இல்லை, டயரோட பிறந்த தேதி. முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். இதுக்கு ஒன்பது வயசு முடிஞ்சு போச்சு."

ஏழு கடைக்கு ஃபோன் போட்டு, ஒன்பது வருஷப் பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான்! காது மடல் சூடானது. ஆனாலும் விடவில்லை.

"தேயவே இல்லையே மேடம். அஞ்சு புள்ளி ரெண்டு இருக்கு."

"வண்டி ஷெட்லயே நின்னுதா?"

"அண்ணன் வண்டி. வெளியவே எடுக்கமாட்டார்."

"அதான். நின்ன இடத்துலயே காஞ்சு போயிருக்கு. நகத்தால அழுத்திப் பாருங்க."

அழுத்தினான். நகம் வழுக்கியது. பக்கத்தில் இருந்த புது டயரில் அழுத்தினான். நகம் இலேசாகப் பதிந்து எழுந்தது. மறுபடி பழையதை அழுத்தினான். கண்ணாடிதான். ஈரத்தில் கண்ணாடி எப்படி வழுக்கும் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

"தேயாதது பெருமை இல்லை சார். ரோட்டைப் பிடிச்சாத்தான் ரப்பர் தேயும். எத்தனை நாளா பிடிக்கலை?"

"மூணு வாரமா... ஓட்டறது என் மனைவி."

"மூணு வாரத்துல ரப்பர் இப்படி ஆகாது. ஓட்டறவங்களுக்கு ரொம்ப நாளாவே வண்டி பிடிக்காம இருந்திருக்குமே. அவங்க சொல்லலையா?"

வண்டி பிடிக்காம.

அவன் நோட்டை மூடினான். மூன்று தடவை சொன்னாளே. 'இந்த வண்டி பிடிக்கவே இல்லைங்க.' அவன் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மூன்றில் ஒன்றில்கூட 'எனக்கு' என்ற சொல் இல்லை. அதை அவனாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். தன் கையால், அளந்து பார்க்காமல். பதினாலு மாதமாக அந்த இறக்கத்தில் அவள் தினமும் இறங்கியிருக்கிறாள், பின்சீட்டில் குழந்தையோடு. அதற்கு அவன் சீட் கவர் வாங்கிப் போட்டிருக்கிறான். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன டயர் போடட்டும் சார்?" என்றார் கடைக்கார அம்மாள். "உழைப்பும் பிடிப்பும் ரெண்டும் முழுசா வராது. எது கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்லைன்னு சொல்லுங்க."

மூன்று வாரமாக யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"தேஞ்சா தேயட்டும்" என்றான். "மழையில நிக்கணும்."

ஈரப் பிடிப்புக்கு முதல் எழுத்தும், தேய்மானத்துக்கு நடுத்தர எண்ணும் உள்ள டயராக நாலை எடுத்துப் போட்டார். நாலும் இந்த வருஷம் பிறந்தவை. "காத்து சரியா வச்சு, முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டுட்டே வந்தா அஞ்சு வருஷம் தாராளமா வரும். வருஷா வருஷம் நகத்தால அழுத்திப் பாருங்க" என்றார். அளவுகோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஓட்ட ஓட்டப் பிடிச்சுடும்னு நீங்கதானே சொன்னீங்க! உங்களுக்குத் தெரியும்னு நம்பித்தானே ஓட்டினேன்? மறுபடி சொன்னா சிவப்புத் துணியைக் கொண்டுவந்து மாட்டறீங்க. இந்த மனுஷன்கிட்ட என்னத்தைப் பேசறதுன்னு வாயை மூடிக்கிட்டேன். ஏன் பிடிக்கலைன்னு ஒரு தடவை கேட்டிருந்தா?"



மறுநாள் காலையில் மழை வெளுத்து வாங்கியது. அவள் ஓட்டினாள், அவன் பக்கத்தில், மகள் பின்னால். இறக்கத்தின் அடியில் சிவப்பு விழுந்தது. அவள் கை இறுகியது. மிதித்தாள். வண்டி நின்றது. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆடாமல் அசையாமல். எவ்வளவு தூரத்துக்கு இந்தப் பக்கம் என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை.

"பிடிக்குதா?" என்று கேட்டான்.

அவள் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். "டயர் பிடிக்குது."

அந்த 'டயர்' அவன் காதில் சரியாக விழுந்தது. வழக்கமாக இருந்தால் அதோடு விட்டிருப்பான்.

"அப்ப வேற எது பிடிக்கலை?"

திரும்பி அவனைப் பார்த்தாள். உண்மையில் கேட்கிறானா என்று பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய வாசனை பாட்டிலை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

"இது எனக்குப் பிடிக்கலை."

"ஏன்?"

பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். தினமும் வருகிற தலைவலி, சிவப்பு சீட் கவர், ஈர ஷூ என்று ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடம் வந்தது, மகள் இறங்கிப் போனாள். ஆஸ்பத்திரி வாசலும் வந்துவிட்டது. அவள் சாவியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். "சாயங்காலம் சொல்றேன்."