நிக்குதா, ஓடுதா?

போன வாரம் ஒரே ஒரு வார்த்தை, ஒரு பஸ் டிக்கெட் வெப்சைட்டையே படுக்க வைத்துவிட்டது. அதுவும் எங்கள் செஞ்சி ஆபீஸிலிருந்து... அந்த வெப்சைட் கம்பெனியின் மேடம் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது!

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பம்புசெட் மோட்டார் பார்த்து முன்னுக்கு வந்தவன். இன்றைக்கு மும்பை, ஐதராபாத், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ ஏசி கட்டடங்களில் ஓயாமல் ஓடுகிற சர்வர்களை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தபடி என் ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது. பெருமையடிக்கிறேன் என்கிறீர்களா? ஆமாம். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அன்று எங்களுக்குப் பரீட்சை. அந்த வெப்சைட்டை மும்பை சர்வரிலிருந்து ஐதராபாத் சர்வருக்குக் குடிமாற்ற வேண்டும். ஒழுங்காக முடித்தால் அந்தக் கம்பெனியின் சர்வர் அத்தனையும் எங்கள் பொறுப்பு. சொதப்பினால், மேடம் வந்த காரிலேயே திரும்பிப் போய்விடுவார்.

வேலையில் இரண்டு பேர். என் மகள் கலை, மேல்சித்தாமூரிலிருந்து தினமும் வருகிற சுகன்யா. ஐதராபாத் ஓடத் தொடங்கிவிட்டது என்று கலை சொன்னதும் சுகன்யா மும்பையை அணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கலை, ஐதராபாத் இன்னாடி ஆச்சு?"

"நிக்குதுடி!"

சுகன்யா மும்பையை அணைத்தாள்.

"அய்யய்யோ... ஏன்டி ஆஃப் பண்ண? நிக்குதுன்னு சொன்னேன்ல!"

"நிக்குதுன்னா விழாம கெட்டியா நிக்குதுன்னு தானே அர்த்தம்?"

"நின்னு போச்சுடி! ஓடல! மோட்டார் நிக்குதுன்னா இன்னா அர்த்தம்?"

கலை மோட்டார்க்காரன் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் 'நிக்குது' என்றால் ஓடவில்லை என்று பொருள். சுகன்யாவுக்கோ அது சாயவில்லை, சரியவில்லை என்று பொருள். இரண்டுமே சுத்தமான தமிழ்தான். ஆனால் இப்போது இரண்டு சர்வரும் அவுட்!

மேடம் தன் போனைத் தட்டிப் பார்த்தார். "சார், சைட் ஓப்பன் ஆகலையே?"

நான் வாயைத் திறந்தேன்.

"நைனா, கொஞ்சம் கம்முனு இரு," என்றாள் கலை.

முதலாளி நான்தான். இருந்தாலும் கம்மென்று இருந்தேன். எனக்கு டென்ஷனே இல்லை. ஏன் தெரியுமா?

அனந்தபுரம் பக்கம் பம்புசெட்டுகளுக்குப் போன் ஸ்டார்ட்டர் மாட்டிய காலத்தில் ஒரு கூத்தைப் பார்த்திருக்கிறேன். விவசாயி வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை நிறுத்துவார். மறுபடி போன் போட்டால் மோட்டார் ஓடாது. வேறு யாரோ மாட்டிய ஸ்டார்ட்டர் – அதற்கும் மோட்டாருக்கும் ஒரே கரண்ட் லைன். மோட்டார் போனதும் ஸ்டார்ட்டரும் போச்சு! மனுஷன் வெயிலில் கொல்லையில் இருக்கிற மோட்டார் வரை நடக்க வேண்டியதுதான். நான் மாட்டினால் ஸ்டார்ட்டருக்குத் தனி லைன்.

அதே சட்டம்தான் என் ஆபீஸிலும். இங்கிருந்தே மறுபடி போட வழி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த சர்வரையும் அணைக்கக் கூடாது. மெஷின் அணைந்தாலும் விழித்திருக்கிற ஒரு குட்டிக் கருவி அதற்குள்ளேயே உண்டு; அதற்கு வேறு லைன். சுகன்யா அதைக் காலையிலேயே சரிபார்த்திருந்தாள். அந்த வழியாகப் போய் மும்பையை எழுப்பிவிட்டாள். மேடத்துக்குச் சொன்ன டீ வருவதற்குள் வெப்சைட் வந்துவிட்டது. மதியம் ஐதராபாத்தின் கோளாறையும் கண்டுபிடித்துக் குடிமாற்றத்தை முடித்தார்கள். இந்தமுறை கலை மாடியே அதிரக் கத்தினாள்: "ஓடுதுடி!"

மேடம் கேட்டார்: "ஆஃப் பண்ண மெஷினை இங்கேருந்தே எப்படி எழுப்பினாங்க? எங்க டீமா இருந்தா மும்பைக்குப் போன் போட்டு ஆள் தேடியிருப்பாங்க."

ஸ்டார்ட்டர் கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எல்லா சர்வரையும் நீங்களே பாருங்க சார்," என்றார். நின்றுபோனதைவிட அது எழுந்த வேகம்தான் அவரை அசத்திவிட்டது.

"அந்த ரெண்டு பேரையும் ஒரு வாரம் சென்னைக்கு அனுப்புங்க. எங்க டீமுக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்."

"மேடம், சிங்கப்பூர் சர்வரையே நாங்க உக்காந்த இடத்துல இருந்து பாக்கறோம். உங்க ஆளுங்களை வரச் சொல்லுங்க. செஞ்சிக்கு பஸ் இருக்குது."

திங்கட்கிழமை வருகிறார்கள்... கோட்டை ஏறிப் பார்க்க அல்ல!