நான் விடாத மூன்றாம் தையல்

என் மெஷினுக்கு எதிரே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதை நினைத்தாலே காலையில் வேலைக்குக் கிளம்ப மனம் வராது.

அன்பிய ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, என் பெயர் செல்வராணி, பாறசாலைப் பக்கத்துக்காரி. காஞ்சிரங்குளத்தில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் கம்பெனியில் எட்டு வருட வேலை. போன கிறிஸ்துமஸ் கழிந்து புது சூப்பர்வைசர் வந்தார். தையல் பிசகிய துணியில் தைத்தவளின் பெயரை ஒட்டி அந்தக் கயிற்றில் தொங்கவிடுவார். ஏனோ என்மேல்தான் அவருக்குக் கண்.

"எடி பாண்டிக்காரி, இண்ணைக்கு உனக்க தோரணத்தைப் பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும், தமிழ் பேசுகிறவள் என்று இளக்காரமாகக் கேட்பார்.

சோறு இறங்காது. அவர் நிழல் பட்டாலே தையல் இன்னும் கோணும். வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவேன். பாடற்குழுவில் உரக்கப் பாடுகிறவள், வாயை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, அவரை மாற்றும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்றுகூட ஜெபித்தேன். அப்படி உடைந்திருந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல் தொடங்கும் இடம் பிரியாமல் இருக்க முன்னும் பின்னும் ஓட்டி லாக் அடிப்போம். மற்றவர்கள் இரண்டு தடவை. நான் மூன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். அதற்கும் ஏச்சு: "நூலு உனக்க வீட்டுல இருந்து கொண்டு வாறியா?"

தவக்காலம் தொடங்கிய வாரம், பக்கத்து மெஷின் ஓமனாவிடம், "நாளை முதல் ரெண்டுதான்" என்றேன். அவள் அம்மன் கோயிலில் விளக்கு வைக்கிறவள்.

"எனக்க மக்கா, நீ உனக்க தெய்வத்தை நினைச்சு அடிக்கிறதாக்கும். ஒரு ஆளுக்குப் பயந்து விடுவியா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்றாவதை விடவில்லை.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டு நிக்கர் திரும்பி வந்தது. எல்லாம் தொடைப் பக்கத்தில் தையல் பிரிந்திருந்தது. யார் தைத்தது என்று காட்டும் சீட்டில் என் நம்பர். முதலாளி வந்து நின்றார். எல்லோர் முன்னாலும் நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை போகும் என்றார் சூப்பர்வைசர். கை தானாகக் கூப்ப எழுந்தது. "ஆண்டவரே, எனக்கு வாய் தாரும்" என்று மட்டும் ஜெபித்தேன். கை கீழே இறங்கி ஒரு நிக்கரை எடுத்துப் புரட்டியது. லாக் இரண்டு தடவைதான் ஓடியிருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இரண்டுதான்.

"இது எனக்க தையல் இல்ல முதலாளி. எனக்குள்ளது மூணாக்கும். எண்ணிப் பாருங்க." என் குரல் பாடற்குழுக் குரலாக வந்தது!

முதலாளி கண்ணாடி போட்டு எண்ணினார். கயிற்றில் என் பெயரோடு தொங்கிய ஏழு துணிகளையும் எண்ணச் சொன்னேன். இரண்டு என்னுடையவைதான், அதை மறைக்கவில்லை. ஐந்து என்னுடையவை அல்ல. கட்டை வெளியே கொடுத்துத் தைக்க வைத்து என் சீட்டைச் செருகியதாகவும், மற்றவர்கள் பிசகிய துணியில் என் பெயரை ஒட்டியதாகவும் சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். மாதம் முடியும் முன் அவரை அனுப்பிவிட்டார்கள்.

"உனக்கு என்ன வேணும்?" என்று முதலாளி கேட்டார். "அந்தக் கயிறை அவுக்கணும்" என்றேன். இருபத்திரண்டு பெண்களும் கைதட்டினார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன், என் பெருமை முழுதும் ஆண்டவருக்கு. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளை யாராவது ஏசினால் முதலில் எழுந்து நிற்கிறவள் நான்தான்.

வேலையிடத்தில் தலைகுனிந்து நிற்கிறவர் உங்களில் இருந்தால், ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து பேசுங்கள். நான் ஆளை மாற்றக் கேட்டேன், அவர் முதலில் என்னை மாற்றினார்.

அவிழ்த்த கயிற்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். என் பிள்ளைகளின் யூனிபார்ம் எங்கள் முற்றத்தில் அதில்தான் காய்கிறது.