சித்தப்பா மிதித்த பிரான்ஸ்

எங்கள் சித்தப்பா பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களை எட்டு நாள் சைக்கிளிலேயே சுற்றி வந்தவர் என்பது கோட்டைக்குள் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் எவராவது இருந்தால் அவர் இன்னும் சித்தப்பாவின் கையில் அகப்படவில்லை என்று அர்த்தம். கழக்கூட்டத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி அவரையும் சித்தியையும் ஒரு வருடம் அங்கே அனுப்பியிருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. இன்று முப்பத்து மூன்று. இத்தனை வருடமும் அந்தப் பிரான்ஸ் பயணத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபமெல்லாம் சித்தப்பா, சித்தி மேல்தான். சென்ற மாதம் அந்தக் கோபம் இடம் மாறிவிட்டது. குறையவில்லை.

சித்தப்பா கதை சொல்லும்போது அவசரமே காட்டமாட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி வயல், கால்வாய்க் கரையில் வரிசையாக மரங்கள், மேடு என்றும் பள்ளம் என்றும் சொல்ல முடியாமல் தொட்டில் ஆடுவது போல ஏறி இறங்கும் பாதை. காலையில் ஒரு இருபது கிலோமீட்டர், நிழலில் ஒரு தூக்கம், சாயங்காலம் இன்னும் கொஞ்சம். பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் ஒரு வேனில் வந்துவிடும். "இவ அந்த வேன்ல வந்தா, ரைஸ் குக்கரை மடியில வெச்சுண்டு" என்று சித்தியைக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், சித்தியும் சிரிப்பாள். எந்த ஊர்த் தண்ணீரில் அரிசி சீக்கிரம் வெந்தது, எந்தச் சந்தைத் தக்காளி ரசத்துக்கு ஒத்து வந்தது என்பதெல்லாம் சித்தப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். சைக்கிள் ஓட்டியவருக்கு வேனுக்குள் நடந்த சமையல் இவ்வளவு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. போட்டோக்களில் அவர் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டுகிற படம் ஒன்றுகூடக் கிடையாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

வந்த கையோடு ஒரு கியர் சைக்கிள் வாங்கி ரேழியில் நிறுத்தினார். தம்பானூர் நெரிசலில் மனிதன் சைக்கிள் ஓட்டுவானா என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வித்துராப் பக்கம் போய்விடுவார். அங்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு பிரான்ஸ் மாதிரியே ஏறி இறங்குமாம். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று சித்தியையும் கூட்டிப் போவார். தனியாகப் போகிறானே என்று கவலைப்பட்ட தாத்தாவுக்கும் அது திருப்தி.

சித்திக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு ஜுரமோ இருமலோ வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வைத்தியம் மட்டும் நிற்காமல் நடந்தது. லேகியம் ஒரு மண்டலம், சஷ்டி விரதம், நாகருக்குப் பால் என்று ஒன்று மாற்றி ஒன்று. கரமனையில் இருந்த அத்தை, அதாவது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, ஞாயிறுதோறும் வந்து புதிதாக ஒன்றைத் தடை செய்துவிட்டுப் போவாள். பப்பாளி ஆகாது, எள்ளுருண்டை ஆகாது, கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது, மாடிப்படி வேகமாக ஏறக் கூடாது. "பதினோரு வருஷமாச்சு. ஒரு காரணம் இல்லாமயா இருக்கும்?" என்பாள். தாத்தா ஆமோதிப்பார், அம்மா தரையைப் பார்ப்பாள். எனக்கு அந்தப் பேச்சு அலுப்பாக இருக்கும், எழுந்து விளையாடப் போய்விடுவேன்.

என்னையும் வித்துராவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி மாதக்கணக்கில் நச்சரித்தேன். வாந்தி வரும், அட்டை கடிக்கும், வெயில் என்று சித்தப்பா வாரம் ஒரு சாக்குச் சொன்னார். ஓணம் லீவில் அப்பாவே தலையிட்டார். "கொழந்தை இவ்ளோ ஆசைப்படறா, கூட்டிண்டு போயேண்டா" என்றார். அண்ணா சொன்ன பிறகு சித்தப்பாவால் மறுக்க முடியவில்லை.

வித்துரா தாண்டி எஸ்டேட்டுக்குப் பிரியும் ரோட்டில் ஒரு டீக்கடை. சித்தப்பா சைக்கிளை இறக்கி, காற்றை அழுத்திப் பார்த்து, செயினைத் துடைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். கடைக்குப் பின்னால் போயிருந்த சித்தி திரும்பி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேன்ட், கான்வாஸ் ஷூ, தலையில் ஹெல்மெட்.

"முட்டி வலிடி எனக்கு. இன்னிக்கு இவ ஓட்டட்டும்" என்றார் சித்தப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீக்கடைக்காரருக்கு இந்த முட்டி வலி விவரம் தெரியாது. "கழிஞ்ச ஆழ்ச்ச மூணாம் வளவில நின்னு போயில்லே, சேச்சி. இன்னைக்கு முழுவனும் கேறணும், கேட்டோ" என்று சித்தியிடம் சொன்னார். போன வாரம் மூன்றாம் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டவள், இன்று முழுவதும் ஏற வேண்டியவள் சித்திதான் என்பது பத்து வயதுக்கு விளங்காத விஷயமா?

சித்தி முன்னால் போனாள். நாங்கள் பின்னால் காரில் ஊர்ந்தோம். முதலில் ரோடு சித்தப்பா சொன்னபடியே மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சித்தி வேடிக்கை பார்த்துக்கொண்டு, ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டு, தெருவில் காய்கறி வாங்கப் போகிறவள் போல ஓட்டினாள். பிறகு மலை வந்தது. ஐந்து வளைவு. மூன்றாவதில் எஸ்டேட் பஸ் ஒன்று எதிரே இறங்கி வந்து, இவளைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். கால் ஊன்றவே இல்லை. காருக்குள் சித்தப்பா, "ஆச்சு, ஆச்சு, இன்னும் ரெண்டே ரெண்டு" என்று முணுமுணுத்தபடி ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தார்.

மேலே ரோட்டோரம் ஒரு கலுங்கின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சித்தி சிரித்தாள். வீட்டில் அவள் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பாள், அவ்வளவுதான். இது வேறு சிரிப்பு. மூச்சு வாங்க வாங்க, முகமெல்லாம் சிவந்து, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அதுவரை என் கண்ணால் பார்த்தவற்றில் அந்த ஐந்து வளைவுதான் பெரிய சாதனை. திரும்பும் வழியில் எனக்கு வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டு வாங்கித் தந்து, "ஆத்துல யார்ட்டயும் பறையப்படாது, மனசிலாச்சா?" என்றாள். நான் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மத்தியானம் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அத்தையும் வந்திருந்தாள். சித்தி புடவைக்கு மாறி எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு அஞ்சு வளவும் ஏறிட்டேன். காலே ஊணலை."

பஸ் ஒதுங்கியதைச் சொன்னார். டிரைவர் தலையை நீட்டியதை நடித்தே காட்டினார். மூன்றாம் வளைவில் எழுந்து நின்று மிதித்ததுகூட அவர்தானாம். தாத்தா அவர் முதுகில் தட்டினார். "ஆம்பளைன்னா இப்படின்னா இருக்கணும்" என்றாள் அத்தை. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

"பொய்" என்று எழுந்தேன். "ஏறினது சித்தி. சித்தப்பா காரைத்தான் ஓட்டினார். பிரான்ஸ்லயும் இப்படித்தான் இருக்கும்."

அத்தை டபராவைக் கீழே வைத்தாள்.

"நீ சைக்கிள் மிதிச்சியா?" என்றாள் சித்தியிடம். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நானா?" என்றாள் சித்தி. "எனக்கு சைக்கிள்ல ஏறவே தெரியாதே, அக்கா. இவ கார்ல முழுக்கத் தூங்கிண்டு வந்தா. என்னத்தையோ கனாக் கண்டிருக்கா."

சித்தப்பா பொய் சொன்னது போகட்டும். யாருக்காக நான் வாயைத் திறந்தேனோ அவளே என்னைப் பொய்க்காரி ஆக்கினாள். பெரியவாளைப் பொய்யன் என்று சொல்கிற நாக்கு இந்த ஆத்தில் வளரக் கூடாது என்றார் தாத்தா. இரண்டு பேரையும் நமஸ்காரம் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தீர்ப்பு. அவர்கள் கிழக்கே பார்த்து ஜோடியாக நின்றார்கள். நான் விழுந்தேன். என் மூக்குக்கு நேரே, சித்தியின் கணுக்காலில், செயின் கிரீஸ் கறுப்பாக ஒரு விரல் நீளத்துக்கு அப்பியிருந்தது. சாட்சி வேண்டுமென்றால் அங்கேயே இருந்தது. சொல்வதற்காக நிமிர்ந்தேன். சித்தி புடவையைத் தழைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததில்லை. கோபத்தில் அழுதுவிட்டேன். "பொய் சொன்னேன், மன்னிச்சுடுங்கோ" என்பது மட்டும் எப்படியோ வாயில் வந்தது.

அத்தை அப்படி எளிதில் விடுகிறவள் அல்ல. "குழந்தை சொன்னது பொய்யாவே இருக்கட்டும். அந்தக் குலுங்கற ரோட்டுல இவ எதுக்குப் போணும்? இனி வேண்டாம்" என்றாள். தாத்தா சரி என்றார். அடுத்த ஞாயிறு சித்தப்பா மட்டும் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போய், ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் போகவில்லை. ஒரு மாதத்தில் சைக்கிளை ஆபீசில் யாருக்கோ விற்றுவிட்டார். எனக்கு ஏக சந்தோஷம், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். சித்தியிடம் மூன்று மாதம் பேசவில்லை. தினமும் அவள்தான் எனக்குப் பின்னிவிடுவாள். சீப்போடு வந்து நிற்பாள், நான் அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்வேன். மறு வருடம் அவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கழக்கூட்டத்தில் குடியிருக்கிறோம். காலையில் ஆபீஸ் பஸ்கள் வருவதற்கு முன் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன். சென்ற மாதம் அத்தை போன் செய்தாள். எண்பது வயதிலும் குரல் கணீரென்று இருக்கிறது.

"கார்த்தால கார்த்தால ஓடறியாமேடி? அதான். இப்படிக் குலுங்கினா வயத்துல எப்படித் தங்கும்? நானும் என்ன காரணம், என்ன காரணம்னு யோஜிச்சுண்டே இருந்தேன்."

போனை வைத்தேன். டாக்டரிடம் போகிறவள் நான், ஊசி போட்டுக்கொள்கிறவள் நான், காரணம் கண்டுபிடிக்கிறவள் அத்தை. எவ்வளவு திமிர். அந்தக் கோபத்தின் நடுவில்தான் சித்தி அன்று என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. பதினோரு வருடமாக அந்த வீடு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பப்பாளியில் தேடியது, மாடிப்படியில் தேடியது, கிணற்றடியில் தேடியது. சித்தி ஒரு நாள் மிதித்தாள் என்று தெரிந்திருந்தால் பதினோரு வருடத்தையும் அந்த ஒரு சைக்கிளின் மேல் ஏற்றி, அவள் தலையில் கட்டியிருப்பார்கள். அதனால்தான் சித்தப்பா பிரான்ஸ் முழுவதையும் தன் பெயரில் வைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று கிளம்பிய நான், பழம்பொரி தின்ற வாயோடு, அவர்கள் தேடிய காரணத்தை நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அதற்காகச் சித்தப்பாவை நான் முழுக்க மன்னித்துவிடவில்லை. ஓட்டியது என் பெண்டாட்டிதான், உங்களுக்கு என்ன வந்தது என்று ஒரே ஒரு தடவை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தியைக் கூப்பிட்டேன். அத்தை சொன்னதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன். ஆனால் இத்தனை வருடப் பழக்கம், வாயில் வந்தது வேறு. "எல்லாருக்கும் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே சித்தி, நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியும்டி" என்றாள் சித்தி. "உனக்கு ஒரு நமஸ்காரத்தோட போச்சு."