பூக்கடை வரிசையைக் காலி செய்தேன்

அந்தப் பூக்காரரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. சிங்கப்பூர் தேக்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கடை முன்னால் நிற்பது வரிசை இல்லை, கூட்டம். பக்கவாட்டில் நுழைந்து சத்தம் போடுகிறவருக்குத்தான் பூ. என் அம்மா சத்தம் போட மாட்டார். வேலை முடிந்து கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு முழம் மல்லிகைக்காகப் பேசாமல் நிற்பார். பூக்காரர், “ஒரு நிமிஷம்க்கா” என்பார். பிறகு அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் நானும் கூட நின்றேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போனார்கள், மல்லிகை தீர்ந்துவிட்டது. எங்கள் அம்மாதான் முதலில் வந்தார் என்று சொன்னேன்.

பூக்காரர் சிரித்தார். “அக்கா சும்மா வேடிக்கை பாக்க நிக்கிறாங்கன்னுல நினைச்சேன்லா.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மா வெறும் கையோடு கோயிலுக்குப் போனார். 

அந்த செமஸ்டரில் கல்லூரியில் எங்களுக்கு, வரிசைகள் ஏன் தேங்குகின்றன என்று கணக்குப் போடும் வரிசைக் கோட்பாடு பாடம். ஏதாவது ஒரு சின்னக் கடையை எடுத்து ஆராயச் சொன்னார்கள். மற்றவர்கள் பபிள் டீ கடைக்கு ஓடினார்கள். நான் எதிர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்து அந்தப் பூக்கடையைக் கூறு போட்டேன். ஆட்கள் எவ்வளவு வேகமாக வருகிறார்கள், ஒருவரை அனுப்ப எவ்வளவு நேரமாகிறது, எல்லாம் பார்த்தேன். மாலைக்குப் பேரம் பேசுகிறவர் ஒருவர் வந்தால் போதும், ஒரு முழம் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் தேங்கிவிடுகிறார்கள். அளப்பது, வெட்டுவது, காசு வாங்குவது, எல்லாம் பூக்காரர் ஒருவரே.

வைத்தியம் தெரிந்துவிட்டது. அதை அவருக்கா சொல்வேன்? பக்கத்துப் பூக்கடை ஆன்ட்டியிடம் போனேன். முழம் முழமாக முன்பே வெட்டி இலையில் சுருட்டி வைக்கச் சொன்னேன். மாலை வேண்டும் என்பவர்கள் உள்ளே மகளிடம் பேசட்டும். மற்றவர்களுக்குக் கயிறு கட்டி ஒரே வரிசை. நம் ஆட்கள் கயிற்றைத் தாண்டி வருவார்கள் என்றார் ஆன்ட்டி. யாரும் தாண்டவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தால் தாண்ட என்ன அவசியம்?

சில வெள்ளிக்கிழமைகளிலேயே பூக்காரர் கடை காற்று வாங்கியது. எதிர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே குடித்த ஐஸ் மைலோ போல வேறெதுவும் எனக்கு ருசித்ததே இல்லை.

வெற்றியைக் காட்ட அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா ஆன்ட்டி கடையின் நீண்ட வரிசையைப் பார்த்தார், காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தார், நேராக அங்கே போய்விட்டார். ஆள் குறைந்த இடத்துக்குத்தான் மனிதர்கள் நகர்வார்கள். அதுவும் அதே பாடத்தில் இருந்ததுதான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“வாங்கக்கா, வாங்க. என்ன வேணும்?” பூக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அம்மா ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். அடுத்ததை விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, நெருக்கமாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார், அதையும் வைத்தார். கனகாம்பரத்துக்கு நகர்ந்தார், மறுபடி மல்லிகைக்கு வந்தார். பூக்காரர் கத்தரிக்கோலும் கையுமாக நின்றுகொண்டே இருந்தார்.

“எதைக்கா வெட்டட்டும்?”

“ஒரு நிமிஷம், தம்பி,” என்றார் அம்மா, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.