பாலக்கரைத் தராசில் என் ஈயக் குண்டுகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணி பாசஞ்சரில் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினேன். திருச்சிக்கு ஐம்பத்தெட்டு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது நயா பைசா. கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு கான்வாஸ் பை. பெட்டியில் இரண்டு புடவைகளும் ஒரு ஜோடி ஷூவும் இருந்தன. பையில் இருநூறு ஈயக் குண்டுகள். இடம் பிடிக்க அந்தப் பையைப் பெஞ்சில் போட்டபோது எழுந்த சத்தத்தில், காலை நீட்டிப் படுத்திருந்தவர் தானாகவே எழுந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கனத்த பைக்கு உள்ள மரியாதை பெண்பிள்ளைக்கு எங்கே இருக்கிறது?

குண்டு என்றதும் வாசகர்கள் பயப்பட வேண்டாம். அவை வெறும் ஈயம். வெடிமருந்தும் கிடையாது, பித்தளைக் கூடும் கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பெண்கள் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சராக இருந்தேன். பட்டாளத்தில் இருந்த அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தைரியத்தில் எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். மதராஸில் நடக்கவிருந்த போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து நான்கு பேர் போகலாம். ஆசைப்பட்டவர்கள் ஆறு பேர். எங்கள் ஊரில் நூறு கெஜச் சுடுகளம் இல்லாததால், தேர்வுப் போட்டியைத் திருச்சியில் சனிக்கிழமை வைத்திருந்தார்கள். எனக்கு அந்த நான்கில் ஓர் இடம் வேண்டும். இந்தப் பயணத்தின் காரணம் அவ்வளவுதான்.

தோட்டாவைச் சுட்ட பிறகு பித்தளைக் கூட்டை யாரும் எறிவதில்லை. அதில் மறுபடி மருந்து நிரப்பி, வாயில் புதுக் குண்டு பொருத்தினால் இன்னொரு தோட்டா ஆகிவிடும். அந்தக் குண்டில் இரண்டு வகை உண்டு. சீமையிலிருந்து வருவது செம்பு உறை போட்டது; நூறு குண்டுக்கு முப்பத்தைந்து ரூபாய். நம் பக்கம் ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பது நூறு குண்டுக்கு ஏழே ரூபாய். அப்போது இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சீமைக் குண்டு வருவது அரிதாகியிருந்தது. கிளப்பில் மிச்சம் இருந்ததைச் செயலாளர் நடேசன் ஐந்து ஆண்களுக்கும் பங்கு வைத்துவிட்டு, என்னிடம் வார்ப்புக் குண்டுப் பையை நீட்டினார்.

"இறக்குமதி நின்னு போச்சு டீச்சர். இருக்கிறதை மதராஸ் போற ஆளுங்களுக்குன்னு வச்சிருக்கோம்" என்றார்.

"யார் போறாங்கன்னு இன்னும் முடிவாகலையேங்க?"

"அது தெரிஞ்ச விஷயம்தானே" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், வக்கீல், தெருவில் பார்த்தால் கை கூப்புவார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவாவது வேண்டும் என்று வாதாடி, ஐந்தே ஐந்து சீமைக் குண்டுகளை வாங்கிக்கொண்டேன்.

வார்ப்புக் குண்டின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வார்க்கும்போது உள்ளே காற்றுப் புகுந்து சிலவற்றில் ஓட்டை விழுந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், எடை மட்டும் குறையும். குறைந்தது ஒரு பக்கம் போகும், நிறைந்தது ஒரு பக்கம் போகும். ஒரே எடைக் குண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் பிழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மளிகைக் கடைத் தராசுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. எங்கள் தெரு ஆசாரியோ பையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஈயம் துளி பொன்னுல கலந்தாலும் பொன்னு நொறுங்கிப்போயிரும்மா. பட்டறைப் படியே ஏறாதீங்க" என்றார். தராசுக்கு வழி தெரியாமலேதான் ரயிலேறியிருந்தேன்.

வையம்பட்டியில் ஓர் அம்மாள் ஏறி என் எதிரே உட்கார்ந்தார். பெயர் செல்லம்மாள். கடலைக் கொல்லை வேலை இல்லாத நாட்களில் வீட்டில் கல் பட்டை தீட்டுகிறவர். திருச்சியின் செயற்கை வைரக் கல் பாதி, சுற்றுப்பட்டு ஊர்களில் இப்படித்தான் தயாராகிறது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டார்.

"எத்தனை கல்லுங்க?" என்றேன்.

"எண்ணிக்கையா கணக்கு? எடைதாங்க கணக்கு. பாலக்கரையில முதலாளி நிறுத்துத்தான் வாங்குவாரு. ஒரு கடுகு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிருவாரு, அப்படித் தராசு."

நான் எழுந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மணப்பாறையில் நாலணாவுக்கு முறுக்கு வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம். அந்த முறுக்கு முடிவதற்குள், அவருடைய முதலாளி கடைக்கு நானும் வருவதென்று ஆகிவிட்டது.

ஒன்பதரை மணிக்குத் திருச்சி ஜங்ஷன். பாலக்கரைக்குக் குதிரை வண்டிக்காரன் எட்டணா கேட்டான், ஆறணாவுக்குப் படிந்தான். பங்குனி வெயில் அதற்குள்ளேயே சுள்ளென்று ஏறியிருந்தது. மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகளுக்கு நடுவே புகுந்து, குதிரையைவிட வண்டிக்காரனின் தொண்டைதான் அதிகம் உழைத்தது. செல்லம்மாளின் முதலாளி கனி ராவுத்தரின் கடை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. செல்லம்மாள் தன் பொட்டலத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டு, என்னைக் காட்டி, "இந்தம்மாவுக்கு உங்க தராசு கொஞ்சம் வேணுமாம்" என்றார்.

ராவுத்தர் பையைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது. "யா அல்லாஹ்! இது யாரைச் சுடறதுக்கும்மா?"

"அட்டையைச் சுடறதுக்குங்க" என்று கிளப் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். செயலாளரின் சிரிப்பையும் சேர்த்தே சொன்னேன், மறைப்பானேன்? அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எங்க கல்லுல குமிழ் இருந்தா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலே தெரிஞ்சிரும். ஈயத்துல அது முடியாது. நிறுத்துத்தான் பாக்கணும். உக்காருங்க."

முதலில் ஐந்து சீமைக் குண்டுகளை நிறுத்தோம். முள் அசையவில்லை. ஐந்தும் ஒரே எடை. ராவுத்தர் "அடேயப்பா!" என்றார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு வார்ப்புக் குண்டுகளை எடுத்தோம். முள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. தேறியவை ஒரு தட்டு, குறைந்தவை ஒரு தட்டு என்று பிரித்தோம். ஊருக்குப் போக வேண்டிய செல்லம்மாளும் போகாமல் உட்கார்ந்து குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். நடுவில் தேநீர் வந்தது. பன்னிரண்டரை மணி வரை குனிந்த தலை நிமிரவில்லை. இருநூறில் அறுபத்திரண்டு மட்டும் ஒத்த எடையாக நின்றன. வாடகையாக எதுவும் வாங்க ராவுத்தர் மறுத்துவிட்டார். "ஜெயிச்சா மூக்குத்திக்குக் கல்லு வாங்க வாங்க. தோத்தாலும் வாங்க, வியாபாரம் வியாபாரம்தானே" என்றார்.

மதியம் இரண்டரை மணிக்குப் புதுக்கோட்டைச் சாலையில் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜங்ஷனிலிருந்து ஐந்து மைல். வீடுகள் முடிந்து பனைமரமும் கரடும் தொடங்கும் இடத்தில் சுடுகளம் இருந்தது. கிளப் ரைஃபிள்களை நடேசன் முதல் நாளே கொண்டுவந்து ஒப்படைத்திருந்தார். தோட்டா நிரப்பித் தருவது அங்கேயே உள்ள உரிமம் பெற்ற ஆர்மரரின் வேலை. என் பொறுக்கிய குண்டு, பொறுக்காத குண்டு, சீமைக் குண்டு மூன்றிலும் ஐந்தைந்து நிரப்பித் தரச் சொன்னேன்.

நூறு கெஜத்தில் மூன்று அட்டைகள். வகைக்கு ஐந்து வேட்டு. நடந்து போய்ப் பார்த்தேன். சீமைக் குண்டு ஐந்தையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். பொறுக்காத வார்ப்புக் குண்டு, சோற்றுத் தட்டு அகலத்துக்கு இறைந்து கிடந்தது. பொறுக்கியவை ஒரு டவரா வாய்க்குள் அடங்கின. நான் அங்கேயே வெயிலில் நின்று கணக்குப் போட்டேன். சீமைக் குண்டுதான் உசத்தி. அதில் சந்தேகமே இல்லை. காசு கொடுத்தவனுக்கு அந்தக் காசு வீண் போகவில்லை. ஆனால் அட்டையின் நடு வட்டமும் டவரா அளவுதான். கை ஆடாமல் இருந்தால் நாளைக்கு இது தாங்கும். பயிற்சிக்கு இன்னும் இருபது நிரப்பி வாங்கிச் சுட்டேன். இருபதாவதைச் சுட்டபோது, அந்த ஈயம் நூறு கெஜத்தில் எங்கே போய் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன்.

மாலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம். டவுன் பஸ் இருபது நயா பைசா. பாலத்தின் கீழே காவிரி மணலாகவே கிடந்தது. தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. முடியாமல் நிற்கும் ராயகோபுரத்தைத் தாண்டி, சித்திரை வீதியில் என் தோழியின் மாமியார் வீட்டுக்குப் போனேன். ரங்கநாயகி மாமி வாசலிலேயே என் பையைப் பார்த்துவிட்டார்.

"இதுல என்னடிம்மா இவ்வளவு கனம்?"

மறைக்காமல் சொன்னேன். வெளியே தங்கச் சொன்னாலும் சொல்வார் என்று பயம்தான். மாமி பையைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஈயம்தானே. ஈயச் சொம்புல சாத்தமுது வைக்கறவா நாங்க. தளிகை உள்ளுக்கு மட்டும் கொண்டுவராதே" என்று சமையலறைப் பக்கம் கை காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பெருமாளுக்குச் சங்கு, சக்கரம், கதை, வாள், வில்லுன்னு அஞ்சு ஆயுதம். உனக்கு ஒண்ணு இருந்தா என்ன குறைஞ்சு போறது? ஆனா குறி தப்பப்படாது, கேட்டியோ" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் அம்மாகூட இப்படிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை பெருமாளைச் சேவித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் களத்தில் இருந்தேன். ஆளுக்கு இருபது வேட்டு. ஆண்கள் ஐந்து பேரும் செம்பு மினுங்கும் தோட்டாக்களை வரிசையாக அடுக்கினார்கள். நான் என் கறுத்த ஈயத் தலைகளை அடுக்கினேன். பக்கத்தில் படுத்திருந்த மில் மானேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம் டீச்சர்" என்றார். அந்தப் 'பாவம்' எனக்கு நல்லது செய்தது. கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது, கல்லாகிவிடும்.

பத்து மணிக்குக் கரட்டுப் பக்கமிருந்து காற்று எழுந்தது. ஆண்கள் அவசரப்பட்டார்கள். சீமைக் குண்டைப் பயிற்சியில் செலவழிக்க மனமில்லாமல், முதல் நாள் ஆளுக்கு மூன்று நான்கு வேட்டோடு அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். விலையுயர்ந்த குண்டு வைத்திருந்தவர்களுக்கு அதன் போக்கு பிடிபடவில்லை. நான் காற்று அடங்கும்வரை காத்திருந்து காத்திருந்து சுட்டேன். பதினேழாவது மட்டும் வட்டத்தை விட்டு விலகியது. காற்று அடங்குமுன் நான்தான் அவசரப்பட்டேன். மற்றதெல்லாம் உள்ளே. பதினொன்றரை மணிக்கு முடிவு சொன்னார்கள். ஆறு பேரில் மூன்றாவது இடம். மில் மானேஜருக்கு ஐந்தாவது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. உரக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. டிரில் டீச்சர் அல்லவா, அடக்கிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி, திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரம். திண்டுக்கல் வண்டிக்கு இன்னும் அரை மணி இருந்தது. நடேசன் சீமைக் குண்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோற்ற இருவரிடமிருந்தும் மிச்சத்தைத் திரும்ப வாங்கியிருந்தார். பாராட்டித் தீர்த்தார். இவ்வளவு நாள் கிளப்பில் இப்படி ஒரு சுடுதலைப் பார்த்ததில்லை என்றார். பிறகு சாவகாசமாக, "மதராஸுக்கு இதை மூணு பேருக்குப் பிரிச்சாத் தாராளமா வரும்" என்றார்.

"நாலு பேருங்களே?"

"உங்களுக்கு எதுக்கு டீச்சர்? அந்த ஏழு ரூபாய்க் குண்டே போதும்னு நீங்களே காட்டிட்டீங்களே!" என்றார் பெருமையாக. கிண்டல் இல்லை, மனதார என்னைப் புகழ்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பாலக்கரையில் குனிந்து குனிந்து வலித்த கழுத்து அப்போது இன்னொரு முறை வலித்தது. மூன்று பேர் அரை நாள் உட்கார்ந்து பொறுக்கியதன் பலன் இதுதானா? நான் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"மதராஸில முந்நூறு கெஜமுங்க. இங்கே டவரா வாயா இருந்தது அங்கே அண்டா வாய் ஆயிடும். மட்டமான குண்டுல ஜெயிச்சவளுக்கு மட்டமானதே போதும்னு சொல்றீங்க. நான் காலையில தோத்துப் போயிருந்தா, நல்ல குண்டு கொடுத்திருப்பீங்களா?"

பக்கத்தில் நின்றிருந்த, போட்டியில் முதலாவதாக வந்த பையன் மெதுவாக, "சார், டீச்சர் சொல்றது நியாயம்தானே" என்றான். வண்டி வருவதற்கு மணி அடித்தார்கள். நடேசன் பெட்டியைத் திறந்து, நான்கு பங்காகப் பிரித்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

திருச்சியில் எனக்கு உதவியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லித்தான் விடைபெற்றேன். செல்லம்மாளுக்குச் சொன்னேன், ராவுத்தருக்குச் சொன்னேன், மாமியைக் கீழே விழுந்து சேவித்தேன். என் ஊர்க்காரரான நடேசனிடமிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியேறினேன்.