இதய நிபுணரின் எதிர் நாற்காலி

என் அக்கா புருஷன் இதய நிபுணர். பெயருக்குப் பின்னால் அவர் போட்டுக்கொள்ளும் பட்டங்களை ஒரே மூச்சில் வாசிக்க முடிந்தால் உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தனியாகச் சோதனை தேவையில்லை.

வைத்தியத்தை அவர் ஒரு பெரிய டாக்டரிடம் பழகினார். படுக்கையருகே நின்று நோயாளியிடம் நாலு வார்த்தை பேசிய மாணவர்களை அந்த மனிதர், "என்னய்யா, சம்பந்தம் பேச வந்தியா? ஸ்கேனைப் பாரு!" என்று வாங்கு வாங்கென்று வாங்குவாராம். அன்று குனிந்த அத்தானின் தலை இன்னும் நிமிரவில்லை.

அவர் அறையில் நோயாளி வாய் திறக்கக் கூடாது. நர்ஸ்தான் ஒரே வரியில் குறையைச் சொல்வாள். அத்தான் படத்தைப் பார்த்து மருந்து எழுதுவார். ஆட்களுக்குப் பெயரும் கிடையாது. "அந்த அடைப்பு போயாச்சா? வால்வை வரச் சொல்லு" என்பார்.

அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவரிடம் சொன்னாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "உடம்பைக் குறை, சரியாயிடும்" என்றார். ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்து, அவருடைய ஆஸ்பத்திரியிலேயே டோக்கன் வாங்கி அக்காவைக் கூட்டிப்போனேன். நர்ஸ் புதியவள், எங்களைத் தெரியாது.

"படி ஏறினா மூச்சு வாங்குதாம் சார்" என்று படத்தை நீட்டினாள். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

அத்தான் படத்தை விளக்கில் பிடித்தார். முகம் மாறியது. குனிந்து எழுதிக்கொண்டே பொரிந்து தள்ளினார்.

"வால்வு ரொம்பச் சுருங்கிப்போச்சு. இன்னைக்கே அட்மிட் பண்ணணும். இவ்வளவு முத்தற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க? ஒருத்தர் கண்ணுலயுமா படல? புருஷன்னு யாராவது இருக்காரா இல்லையா? கூட வரலையா?"

"வந்திருக்கார்" என்றாள் அக்கா. "எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

பேனா நின்றது. அத்தான் நிமிர்ந்தார்.

இந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தேன், வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று. ஆனால் அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

அத்தான் மேஜைக்கு மேலே கை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் தேடினார்.