அடிச்சுரம் நகரும்போது

இல்லை, பாட்டுக் கேட்கப் போகவில்லை. பாடப் போனேன். கேட்பது மூன்று வருடமாக நடக்கிறது. நூலகத்து இசைத்தட்டுகள், ஐரோப்பிய இசை வரலாறு பற்றிய தடித்த ஜேர்மன் புத்தகம். போதவில்லை. உள்ளே நிற்க வேண்டும்.

1988 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. சூரிச்சில் ஒரு தேவாலயப் பாடகர் குழு ஆயிரம் வருட இசையை ஒரே மாலையில் பாடப்போகிறது. பெண்களில் கீழ்க்குரல் போதாது, யாரும் வந்து பாடிக் காட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். பக்கத்து நகரான சூக்கில் நான் வேலை செய்யும் உணவகத்தில் அன்று மாலை ஐந்தரைக்குக் கோப்பை கழுவ நிற்க வேண்டும். சமையல்காரர் சிவம் அண்ணை வழியனுப்பினார்: "அங்க போய்த் தேவாரம் தொடங்கிப்போடாதையும் பிள்ளை."

12.51 ரயில். 29 கிலோமீற்றர், அரை மணித்தியாலம். அரைக் கட்டண அட்டையுடன் போக வர ஒன்பது பிராங். நிலையத்திலிருந்து ட்ராம் தேவையில்லை. ஆற்றங்கரையால் பன்னிரண்டு நிமிட நடை. அழகான கரை என்பார்கள். நான் பார்க்கவில்லை.

ஒத்திகை இரண்டு மணிக்கு. முதலில் துறவிகளின் ஒற்றை வரிப் பாட்டு. அடுத்ததில் ஒரு குரல் அசையாமல் நிற்க, மேலே மற்றது அலைகிறது. தம்புராவேதான். நூற்றாண்டுகள் போகப் போகக் கீழே நின்ற அந்த அடிச்சுரம் நடக்கத் தொடங்குகிறது. நான்கு குரல்கள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. கடைசிப் பாட்டில் சட்சமே இல்லை. அழகு இருந்தது. அமைதி இல்லை.

என் முறை. நடத்துனர், கம்பளிச் சட்டை போட்ட முதியவர், பியானோவில் ஒரு சுரம் தந்து விடாமல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கீழே ஆண்களின் அடிச்சுரம் மாறியது. நானும் அதோடு மாறினேன். மறுபடி. மறுபடியும் மாறினேன். ஏன் நகர்கிறீர்கள் என்று கேட்டார்.

"சுருதி மாறிவிட்டதே. பிறகு பழைய இடத்தில் எப்படி நிற்பது?"

ஊரில் பதினொரு வருடம் கர்நாடக சங்கீதம் என்று படித்தது அதைத்தான். சுருதியை விடாதே. இங்கே அதுவே பிழை.

பழைய இரண்டு பாட்டுகளில் நிற்கலாம், மற்றவற்றுக்குக் கேட்பவர்களோடு உட்காரலாம் என்றார். நல்ல மனிதர். மணி 4.10. 4.35 ரயிலைப் பிடித்தால் வேலைக்குப் பிந்தாது.

"நகரும் பாட்டுக்குத்தான் வந்தேன்," என்றேன். "இன்னொரு தடவை."

பக்கத்தில் நின்ற பெண், ஒரு ஆஸ்பத்திரித் தாதி, என் முழங்கையைத் தொட்டாள். "கீழே கேட்காதீர்கள். என்னைக் கேளுங்கள். எனக்கும் அதே சுரம்தான்."

4.35 போய்விட்டது. ஆறாவது தடவை அடிச்சுரம் நகர்ந்தது, நான் என் சுரத்திலேயே நின்றேன். பஞ்சமமாக இருந்தது அசையாமலே காந்தாரமாகியது. காதுக்குள் கூசியது.

போக விரும்புகிறவர்களுக்கு: பென்சில் கொண்டுபோங்கள். சுரத்தாள் வாசிக்கத் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். தொடையில் தாளம் போடாதீர்கள், முன்வரிசை திரும்பிப் பார்க்கும். நேரத்துக்கு முடியும் என்று நம்ப வேண்டாம்.

நடத்துனர் என் பெயரை எழுதிக்கொண்டு எல்லாப் பாட்டுகளின் தாள்களையும் தந்தார். 5.05 ரயில். சமையலறைக்கு வந்தபோது ஐந்து ஐம்பது. முதலாளியிடம் பிந்தியதைச் சொன்னேன். வரும் சனிக்கிழமைகளிலும் பிந்துவேன் என்றும் சொன்னேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.